மலர்வளையமும் பதவித் தட்டும்

போன வாரம் ரீட்டா போன் செய்தாள். நான் வேலை பார்த்த தோட்டப் பிரிவில் எனக்குப் பிறகு மலர்வளையம் கட்ட வந்தவள் அவள்.

"ஆன்ட்டி, சேதி தெரியுமா? மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல பிளாஸ்டிக் மலர்வளையம் வந்து எறங்கியிருக்கு. இனிமே பூவே வேண்டாமாம். ஃபங்ஷன் முடிஞ்சதும் பைப்படியில வெச்சு சோப்புப் போட்டுக் கழுவி, கவர் மாட்டி, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கணுமாம்."

"நல்லதாப் போச்சு. செத்தவங்க யாரும் மோந்து பாக்கப் போறதில்லைன்னு இப்பவாவது இவங்களுக்குத் தெரிஞ்சுதே" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்க வேல பாத்த கதைய எழுதி வையுங்க ஆன்ட்டி. இங்க புதுசா வந்ததுங்க நான் சொன்னா நம்ப மாட்டேங்குது" என்றாள். சரி, எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து யாருக்கும் 'ஜி சாப்' சொல்ல வேண்டியதில்லை. கைக்கு வேறு என்ன வேலை?

என் பெயர் பிலோமினா. போர்ட் பிளேரில் ஷாதிபூரில் வீடு. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வலையோடு இந்தத் தீவுக்கு வந்தவர். நான் தோட்டப் பிரிவில் தினக்கூலி மஜ்தூராகச் சேர்ந்தேன். புல் பிடுங்கச் சொன்னார்கள், பிடுங்கினேன். ஒரு நாள் மலர்வளையம் கட்டுகிற ஆள் லீவு போட்டு மெயின்லேண்டுக்குப் போனவர் போனவர்தான், திரும்பவேயில்லை. விழாவோ நெருங்கிவிட்டது. "தும் லேடீஸ் ஹை நா? பூல் பாந்தோ", நீ பொம்பளைதானே, பூ கட்டு என்று என்னை இழுத்து உட்கார வைத்தார்கள். பெண்ணாய்ப் பிறந்தவள் நாரும் பூவும் கையில் பிடித்துக்கொண்டே பிறக்கிறாள் என்று அரசாங்கத்துக்கு ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் நாங்கள் கட்டியது வலைதான். முடிச்சு முடிச்சுதானே என்று பூவையும் கட்டினேன். என் பயிற்சிக் காலம் அதோடு முடிந்தது.

இந்தத் தீவில் மலர்வளையத்துக்கு வேலை குறைவதே இல்லை. ஜெயிலில் செத்தவர்களுக்கு ஒரு நாள், சண்டையில் செத்தவர்களுக்கு ஒரு நாள், அலையில் போனவர்களுக்கு ஒரு நாள், சிலைக்கு ஒரு நாள். உயிரோடிருப்பவர்களுக்குத் தண்ணீர் வராத நாளில்கூடப் பூவுக்குத் தண்ணீர் தெளிக்க லாரி வந்து நிற்கும்.

மலர்வளையம் என்றால் பூவை வட்டமாகக் கட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் பிரம்பு. காட்டுப் பிரம்பை முந்தின நாளே தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் முழங்காலில் கொடுத்து மெல்ல வளைத்து, இரண்டு முனையையும் கம்பியால் இறுக்க வேண்டும். அவசரப்பட்டால் படாரென்று முறிந்து முகத்தில் அடிக்கும். அதன்மேல் காய்ந்த வாழைச் சருகைத் திணித்து, ஈரச் சாக்குத் துண்டால் சுற்றி, தேங்காய் நாரால் கட்ட வேண்டும். பிறகு நெட்டிலிங்க இலையை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படியும்படிக் குத்திக்கொண்டே வர வேண்டும். அதற்கும் பிறகுதான் பூ. செவ்வந்தியும் ரோஜாவும் விமானத்தில் வரும். மழை பெய்து விமானம் இறங்காமல் திரும்பிவிட்டால் போச்சு. வேலி ஓரத்துக் காகிதப்பூவும் இட்லிப்பூவும் பறித்து மானத்தைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஒரு தடவை அதுவும் போதாமல், ஒரு பெரிய அதிகாரியின் பங்களாத் தோட்டத்திலேயே புகுந்து செம்பருத்தி பறித்து வந்தோம். அதைக் கட்டி அவர் பெயரிலேயே வைக்கக் கொடுத்தோம். விழா முடிந்ததும் அவர், "இவ்வளவு நல்ல செம்பருத்தி எங்கே கிடைத்தது, நம் வீட்டில் பூக்கவே மாட்டேனென்கிறதே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அளவு முக்கியம். எங்கள் ஷெட்டில் மூன்று அளவு வைத்திருந்தோம். தலைமை விருந்தினருக்கு லாரிச் சக்கரம், அவருக்கு அடுத்தவர்களுக்கு ஜீப் சக்கரம், சங்கம் கழகம் என்று வருகிறவர்களுக்கு ஸ்கூட்டர் சக்கரம். செத்துப்போன பையனின் அம்மாவுக்குச் சக்கரம் எதுவும் கிடையாது. அவளுக்குச் சால்வை, ஒரு டீ, ஒரு சமோசா, நெஞ்சில் குத்திக்கொள்ள 'வீர் மாதா' என்று ஒரு பேட்ஜ்.

அளவைவிட முக்கியம் பதவித் தட்டு. வளையம் என்று இருந்தால் நடுவில் ஓட்டை இருக்கும். ஓட்டை சும்மா இருப்பது அரசாங்கத்துக்குப் பொறுக்காது. அதை அடைக்க தெர்மாகோலில் வட்டமாக ஒரு தட்டு வெட்டி, வெல்வெட் துணி ஒட்டி, அதில் தங்கத் தாளில் எழுத்து ஒட்டுவோம். யாருக்காக வைக்கிறோம் என்பது அதில் இருக்காது. யார் வைத்தார் என்பதுதான் இருக்கும், அதுவும் முழுப் பதவியோடு. சிலருக்குப் பதவி நீளம், தட்டு போதாது. எழுத்தைப் பொடிப்பொடியாக வெட்ட வேண்டிவரும். வளையத்தைச் சுமந்து போகிறவர்கள் ஒத்திகை பார்க்கும்போது தட்டு விழுந்துவிடும் என்பதால், கடைசி நேரத்தில்தான் அதைக் குத்துவது வழக்கம்.

தலைமை விருந்தினர் மலர்வளையம் வைத்தார் என்று பேப்பரில் படிப்பீர்கள். வைத்ததை நான் பார்த்ததே இல்லை. இரண்டு ஜவான்கள் சுமந்து போவார்கள், இரண்டு ஜவான்கள் ஸ்டாண்டில் வைப்பார்கள். கடைசி நொடியில் பெரியவர் இரண்டு விரலால் இலையைத் தொடுவார். தொட்டது அவர், வைத்ததும் அவரே.

எங்கள் ஓவர்சியர் மொண்டல் பாபு. டிக்லிபூரில் குடியேறிய வங்காளிக் குடும்பம். ஒல்லியான மனிதர். விழா நாளன்று வெள்ளை கேன்வாஸ் ஷூ போடுவார், கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொள்வார், காலையிலிருந்து உட்காரவே மாட்டார். வளையத்தை மேலிருந்து கீழாக அளப்பார், பிறகு இடமிருந்து வலமாக அளப்பார். வட்டம்தானே, இரண்டும் ஒன்றுதானே பாபு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "சர்க்கார் கா காம் மே கோல் பீ சோரஸ் ஹோ சக்தா ஹை" என்றார். அரசாங்க வேலையில் வட்டமும் சதுரமாகிவிடக்கூடும் என்று அவருக்கு நிஜமாகவே பயம். ஆனால் அவர் உயிரெல்லாம் அந்தத் தட்டில்தான். பூ வாடினால் பரவாயில்லையாம், தட்டு கோணலானால் தன் நௌக்ரியே, வேலையே, கோணலாகிவிடுமாம். குத்திய பிறகு நாலு அடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஓடி வந்து சுண்டு விரலால் ஒரு தட்டு தட்டுவார். மறுபடி பின்னால் போவார். பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

என் தம்பி சேவியரும் ஆர்மியில் இருந்தவன்தான். பாலைவனம், மலை என்று எங்கெங்கோ நின்றுவிட்டு முழுசாகத் திரும்பி வந்தான். அவனுக்கு விழாவுக்குப் பாஸ் கிடையாது. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, உள்ள வரணும்னா செத்திருக்கணும்போல. தெரியாமப் பொழச்சு வந்துட்டேனே" என்பான். சிரிப்பாகத்தான் சொல்வான். அவன் எல்லையில் இருந்த வருடங்களில் போன் மணி அடித்தால் சிலுவை போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். அதனால் பேட்ஜ் குத்தி முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் எங்காவது உட்கார வைக்கப்படும் அந்த அம்மாக்களை நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை.

அவர்களில் ஒருத்திதான் காமாட்சி. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும்.

காமாட்சி கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர்களில் ஒருத்தி. புருஷனை அந்தப் பெரிய அலை கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. மகன் கதிரேசன் ஆர்மியில் சேர்ந்தான். கடலையும் காட்டையும் தவிர வேறெதையும் கண்டிராத பையனை வடக்கே பனி மலையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பனி சரிந்தது. அவன் உடலும் கிடைக்கவில்லை. அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி மட்டும் கட்சாலுக்கு வந்து சேர்ந்தது. மூடிமேல் வெள்ளை பெயிண்டில் அவன் பெயர். காமாட்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தப் பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். பெட்டியைத் துடைத்துத் துடைத்துக் கற்றுக்கொண்டது.

போர்ட் பிளேரில் ஒரு முகாமுக்குள் கடலைப் பார்த்தபடி ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. தீவிலிருந்து போய்ச் செத்தவர்களின் பெயர்கள், யார் முதலில் செத்தாரோ அவர் மேலே என்று வெட்டியிருக்கும். கடைசியாகச் செத்தவன் கடைசி வரி, கிட்டத்தட்டத் தரையோடு. கதிரேசன் பெயர் வந்த பிறகு, கடவுள் புண்ணியம், வேறு யாரும் சாகவில்லை. ஆகவே கடைசி வரியில் நட்ட நடுவில் அவன் ஒருத்தன்தான். அந்தக் கல்லுக்கு நேர் முன்னால் லாரிச் சக்கரத்துக்கான ஸ்டாண்ட். சக்கரத்தின் நடுவில் பதவித் தட்டு. இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

பெயர் வெட்டித் திறந்த வருடம் கடல் மோசமென்று கப்பலை நிறுத்திவிட்டார்கள், அவளால் வர முடியவில்லை. அடுத்த வருடம் வந்தாள். நான் தமிழ் பேசுகிறேன் என்று யாரோ சொல்ல, மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எம் மவன் பேரு இந்தக் கல்லுல இருக்குன்னு சொன்னாங்க. எந்தப் பக்கமுங்க?"

"கடேசி வரிம்மா. அந்தப் பெரிய வளையத்துக்குப் பின்னால."

"கொஞ்சம் நவுத்திப் பாத்துக்கலாங்களா?"

"ஃபங்ஷன் முடியட்டும்" என்றேன். முடிந்ததும் குடும்பத்தாரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஷாமியானாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சால்வை, சமோசா. கொடி இறக்கும்வரை வளையத்தை யாரும் தொடக்கூடாது என்று இரண்டு காவல். கொடி இறக்குவதற்குள் வேன் வந்து இவர்களை ஏற்றிக்கொண்டு ஜெட்டிக்குப் போய்விடும்.

அதற்கடுத்த வருடம் விவரமாக ஒரு நாள் முன்னாடியே வந்தாள். பாஸ் ஆபீஸில் காரணம் கேட்டார்கள். "பாக்கணும்" என்றாள். பார்ப்பது ஒரு காரணமில்லையாம். ரிப்பேருக்கு வரலாம், பெயிண்ட் அடிக்க வரலாம், புல் வெட்ட வரலாம். புல் வெட்டும் பாஸில் நான் நாள் முழுக்க அவன் பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், பெற்றவள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். சரி, இவளை மஜ்தூர் என்று காட்டி அழைத்துப்போவோம் என்று பார்த்தால் அதற்குப் போலீஸ் விசாரணை வேண்டுமாம். பையனை ஆர்மியில் எடுக்கும்போதுகூட இத்தனை விசாரித்திருக்க மாட்டார்கள். போட்டோ எடுத்துக் கொடுக்கலாமென்றால் போனைக் கேட்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பேப்பரில் வந்த படத்தில் தட்டு மட்டும் பளபளவென்று விழுந்திருந்தது. அதையும் பத்திரமாகக் கத்தரித்து வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

இப்படியே வருடங்கள் போயின. ஒவ்வொரு வருடமும் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவாள், தட்டைப் பார்ப்பாள், போவாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், விழாவுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றாள்.

"உள்ள வா காமாட்சி. ஏன் நிக்க?"

"இல்லீங்க அக்கா, சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். மகள கூடலூர்ல கட்டிக் குடுத்தேன்ல, அது புள்ள பெத்திருக்கு. என்னையும் அங்கயே வந்துரச் சொல்லுது. லயத்து வீட்ட ஒப்படைச்சிட்டேன். ஃபங்சன் முடிஞ்ச மறுநாளு மெட்ராசு கப்பலு. இனிமே திரும்ப வாரது எங்கங்க?"

"நல்லது. பேரப்பிள்ளயப் பாத்துக்கிட்டு சந்தோஷமா இரு."

அவள் போகவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். "அவுங்கப்பனும் இல்ல, அவனும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரு பிடி மண்ணு போடல. அந்தக் கல்லுல எழுத்தாவது இருக்கேன்னு... இந்தத் தடவ ஒரே ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டன்னா போதுங்க. அப்பறம் கேக்க மாட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பனி மூடிய பிள்ளையை அதோடு விட்டார்களா, வருடத்துக்கு ஒரு தடவை தெர்மாகோலாலும் மூடுகிறார்கள். நேரே மொண்டல் பாபுவிடம் போனேன்.

"பாபு, அந்தப் பெரிய ஸ்டாண்டை ஒரு கை தள்ளி வைக்கலாமா? பின்னால ஒரு பையன் பேர் மறையுது."

அவர் என்னைத் தேர் நகர்த்தச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தரையில் வெள்ளை பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும், அதன்மேல்தான் ஸ்டாண்ட் நிற்க வேண்டும். "வோ நிஷான் கமிட்டி நே தியா ஹை, பிலோமினா. கமிட்டி!" என்றார். கமிட்டி போட்ட குறியை நகர்த்த இன்னொரு கமிட்டி வேண்டும்.

"அப்ப வளையத்தச் சின்னதாக் கட்டட்டுமா?"

"சோட்டா? சாப் கா சோட்டா?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

காமாட்சியின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கழுத்து டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கியதை நான் பார்த்தேன். கடைசியில், "ஏக் காம் கர்தா ஹூன். உஸ்கோ ஃபர்ஸ்ட் ரோ மே பிட்டா தேதா ஹூன்" என்றார். முதல் வரிசையில் உட்கார வைத்துவிடுகிறாராம். முதல் வரிசையிலிருந்து பார்த்தால் தட்டு இன்னும் தெளிவாகத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. மனிதர் தன்னால் முடிந்ததைக் கொடுத்தார்.

மறுநாள் லாரிச் சக்கரத்துக்கு இலை குத்தி முடித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். வளையத்தின் ஓட்டை வழியாகச் சுவரில் மாட்டியிருந்த மாதா காலண்டர் தெரிந்தது. மாதாவைச் சுற்றிப் பச்சையும் செவ்வந்தியுமாக, கோவில் பீடத்தில் வைத்தமாதிரி அவ்வளவு அழகு. டீயைக் கீழே வைத்தேன். அட மடச்சி பிலோமினா, இத்தனை வருடம் வளையம் கட்டுகிறாய், வளையம் எதற்கு வட்டமாக இருக்கிறது என்று ஒரு நாளாவது யோசித்தாயா? தட்டு இல்லாவிட்டால் அது ஜன்னல்!

புல் வெட்டும் பாஸ்தான் இருக்கிறதே. மதியமே கல்லடிக்குப் போய், ஸ்டாண்டை வெள்ளைக் குறிமேல் வைத்து, கடைசி வரி எந்த உயரத்தில் வருகிறது என்று நாரில் முடிச்சுப் போட்டு அளந்துகொண்டேன். ஷெட்டுக்குத் திரும்பி, வளையத்தின் முதுகில் இருக்கும் கொக்கியை அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினேன். அப்படிக் கட்டினால் ஸ்டாண்டில் மாட்டும்போது வளையம் கீழே இறங்கும், ஓட்டைக்குள் கதிரேசன் சரியாக வந்துவிடுவான். பாபு வந்து அளந்தார். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். கொக்கியை யாரும் அளக்கச் சொல்லவில்லை, அதனால் அளக்கவில்லை.

மிச்சம் இருந்தது தட்டு. பெரியவருடையது, ஜீப்காரர்களுடையது, ஸ்கூட்டர்காரர்களுடையது என்று எல்லாத் தட்டையும் ஒரு பெரிய துணிப்பையில் அடுக்கி, விழா அன்று காலை ஷாமியானாவின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்திருந்தேன். ராத்திரி பெய்த மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. ஒத்திகை முடிந்தது. பாபு வெள்ளை ஷூவில் தாவித் தாவி வந்தார்.

"தட்டு கஹான் ஹை? லகாவ், லகாவ்!" தட்டு எங்கே, உடனே குத்த வேண்டுமாம்.

"பையில பத்திரமா இருக்கு பாபு. சாப் வண்டி கேட்டுக்கிட்ட வரட்டும்."

சைரன் கேட்டது. எல்லோரும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். நான் அம்மாடி என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் ஒல்லிப் பெண்பிள்ளை இல்லை. கர்ரக், கர்ரக் என்று வரிசையாகச் சத்தம் வந்தது. சத்தத்தை வைத்தே எது யாருடைய பதவி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

மொண்டல் பாபு என் முகத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"பிலோமினா... தும் கிஸ்கே ஊபர் பைட்டா ஹை?" யார்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கிறார்.

"சப்கே ஊபர், பாபு" என்றேன். எல்லார்மேலும்தான்.

இதற்கு எனக்கு மெமோ வந்தது. 'உயர் அலுவலர்களின் பதவிகள் மீது கவனக்குறைவாக அமர்ந்தது ஏன்' என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். 'உடல் எடை காரணமாக' என்று பதில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோப்பில் வைத்து மூடிவிட்டார்கள். ஆனால் அன்றைக்குக் காலையில் எனக்குப் பயம்தான். ஓய்வூதியம் கையில் வருகிற நேரத்தில் இந்தக் கொழுப்பு தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தலைமை விருந்தினர் வந்தார். ஜவான்கள் வளையத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் ஓட்டை. பெரியவர் தன் பதவியைத் தேடினார், காணவில்லை. ஒரு கணம் தயங்கினார். ஆனால் அந்த நேரத்தில் நின்று விசாரிக்க நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. இரண்டு விரலால் தொட்டார். ஜவான்கள் வெள்ளைக் குறிமேல் நின்ற ஸ்டாண்டில் வளையத்தை மாட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.

பச்சை இலைக்கும் மஞ்சள் பூவுக்கும் நடுவில், கறுப்புக் கல்லில், அந்தப் பெயர் தனியாகத் தெரிந்தது. வெட்டிய நாளிலிருந்து ஒரு விழாவில் அது வெளிச்சம் கண்டது அன்றுதான். நான் காமாட்சியைப் பார்த்தேன். முதல் வரிசை ஓரத்தில் பேட்ஜோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்தை நீட்டினாள். உதடு அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறாள் என்று தெரிந்தது.

பியூகிள் ஊதும் பையன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான், மீசை இன்னும் முழுசாக முளைக்காத ஒரு ஜவான். அந்தச் சோகமான ராகத்தை ஊதி முடித்துக் கருவியை இடுப்பில் வைத்தான். இரண்டு நிமிட மௌனம். பெரியவரும் யூனிஃபார்ம் போட்ட எல்லோரும் சல்யூட்டில் கையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் எழுந்து சிலையாக நின்றார்கள்; காமாட்சி மட்டும் உட்கார்ந்தபடியே எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கழித்துப் பையன் மறுபடி ஊதினால்தான் கையை இறக்கலாம். அதுவரை யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. அது ரொம்பக் கண்டிப்பான விதி.

காமாட்சி எழுந்தாள்.

முதல் வரிசைக்கு முன்னால் கயிறு கிடையாது. கயிறெல்லாம் பின் வரிசைக்காரர்களுக்குத்தான். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, யூனிஃபார்ம்களுக்கு நடுவில் புகுந்து, பெரியவரைத் தாண்டி நடந்தாள். தடுக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் சல்யூட்டில் நின்றார்கள். பேச வேண்டியவர்கள் அத்தனை பேரும் மௌனத்தில் நின்றார்கள். மொண்டல் பாபு என் பக்கத்தில் கழுத்து டேப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

அவள் வளையத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டுக் கல்லைத் தொட்டாள். முதல் எழுத்தில் விரலை வைத்துக் கடைசி எழுத்துவரை மெல்லத் தடவினாள். மழைத் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளங்களை முந்தானை நுனியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"கதிரேசா, அம்மா வந்திருக்கேன்டா" என்றாள்.

எல்லோருக்கும் கேட்டது.

"வருசா வருசம் வந்தேன் சாமி. ஒன்னய எனக்குக் காட்டவே இல்ல. தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. ஒம் பேருதான் வச்சிருக்கு. அம்மா அங்க போறேன்டா. நாளைக்குக் கப்பலு. இனிமே வர முடியாது. கோச்சுக்காத."

இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. கடிகாரம் பிடித்திருந்த அதிகாரி கண்ணாலேயே பையனுக்குச் சைகை காட்டினார். பையன் கருவியை உதட்டுக்குக் கொண்டுபோனான். குந்தியிருந்தவளைப் பார்த்தான். திரும்ப இடுப்பில் இறக்கிவிட்டான். பெரியவரும் தூக்கிய கையை இறக்கவில்லை, இறக்க நினைத்தாரா என்றும் தெரியவில்லை. அவர் கன்னத்தில் ஒரு கோடு ஈரமாக இறங்கியிருந்தது. என் கண்ணில் அதற்கு முன்பே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

காமாட்சி உள்ளங்கையைக் கல்லின்மேல் முழுசாகப் பரப்பி வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நல்ல வெயில்.

"கல்லு சூடாத்தான்டா இருக்கு" என்றாள். "இங்க குளுராது."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள். பியூகிள்காரப் பையனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் எந்த ஊர்ப் பையனோ, என்ன பாஷை பேசுகிறவனோ.

"ஊதுங்க தம்பி" என்றாள்.

அவன் ஊதினான்.